இடக்கைக்கு ஒரு வில்

வில் வாங்கப் போனது ஒரு செவ்வாய்.
நெவேர் நகரின் விளிம்பில்,
டயர் கடைக்கும் நாய்த்தீவனக் கடைக்கும் நடுவே
தகரக் கூரை, மஞ்சள் கதவு.
நான்காம் எண் பேருந்தை ஓட்டிக்கொண்டு
நாளுக்குப் பதினோரு முறை கடக்கிறேன்.
உள்ளே போனதில்லை.

கடைக்காரி பேர் ஒதில்.
முன்னங்கையில் நாண் உரசிய பழைய தழும்பு.
"எதை வேட்டையாட?"
ஷெவ்ரய் மான் என்றேன்.
"துப்பாக்கி ஏன் வேண்டாம்?"
பயிற்சி நாளில் சொல்லித் தந்த பதில் ஒன்று
கைவசம் இருந்தது.
வாயில் வந்தது வேறு:
பதினாறு வருஷமாக
டீசல் எஞ்சின் மேல் உட்கார்ந்திருக்கிறேன்,
சத்தம் போதும்.

அவள் சிரிக்கவில்லை. கையை விரி என்றாள்.
சுவரோடு சாய்ந்து சிலுவை மாதிரி நின்றேன்.
விரல்நுனியிலிருந்து விரல்நுனிக்கு டேப்.
இரண்டரையால் வகுத்தாள்.
இருபத்தாறு அங்குலம்,
என் இழுப்பு அவ்வளவுதான்.
ரவிக்கை தைத்தவர்கூட
இத்தனை கறாராய் என்னை அளந்ததில்லை.

தொங்கிய வில் எதுவும்
படத்தில் பார்த்த வில் போல் இல்லை.
இரு முனையிலும் நசுங்கிய கப்பி,
குறுக்கும் நெடுக்குமாய்க் கயிறு.
இதற்கு நாண் ஏற்ற வேண்டியதில்லையாம்,
எப்போதும் ஏறியேதான் இருக்கும்
எங்கள் மேற்பார்வையாளர் ப்ரூனோ மாதிரி.

அறுபது பவுண்டு கொடு என்றேன்.
டிப்போவில் ழில்பேர் அறுபது வைத்திருக்கிறான்.
பாதி இழுப்பில் தோள் நடுங்கி
வில் கூரையைப் பார்த்தது.
"மேலே மான் இல்லை" என்றாள் ஒதில்,
நாற்பத்தைந்துக்குத் திருகைத் தளர்த்தியபடி.

இழுத்தேன். இன்னும். இன்னும்.
சட்டென்று
பாரத்தைக் காணோம்.
மேடு ஏறி முடித்த பேருந்து
காலடியில் இலேசாகுமே, அப்படி.
கையில் மிச்சம் ஒன்பது பவுண்டு.
மீதியைக் கப்பி சுமக்கிறது என்றாள்.
யாரோ நமக்காகச் சுமப்பதை
இப்படி எண்ணில் சொல்லிக் கேட்டதில்லை.

"அம்பில்லாமல் விடாதே, வில் நொறுங்கும்.
மெல்லத் திரும்பக் கொண்டு வா."
கொண்டு வரும்போதுதான் தெரிந்தது
இழுப்பது எவ்வளவு சுலபம் என்று.
போன பாரமெல்லாம் ஒரே மூச்சில் வந்து
என்னை ஓர் அடி முன்னால் தள்ளியது.

பிறகு கண்.
இரு கைகளால் முக்கோணம் செய்து
அந்தப் பக்கச் சுவரில் இருக்கும்
தீயணைப்பு உருளையைப் பார்க்கச் சொன்னாள்.
இடக்கண்ணை மூடினேன். உருளை ஓடிவிட்டது.
மறுபடி மூடினேன். மறுபடி ஓடியது.
"உன்னை ஆள்வது இடக்கண்.
அப்படியானால் இழுக்க வேண்டியது இடக்கை."

பீச்சாங்கை.

கொடுப்பதும் வாங்குவதும் வலதில்தான் இன்றும்.
இது திசைகாட்டிக் குச்சியைத் தட்டும்,
ஞாயிறுகளில் பையைத் தூக்கும்,
மற்றபடி மடியில் கிடக்கும்.
நாண் என்றால் கயிறு. நாண் என்றால் கூச்சம்.
ஒதிலுக்கு இதை எந்த பிரெஞ்சில் சொல்ல?
அவள் வேறொன்று சொல்லிக்கொண்டிருந்தாள்:
இடக்கண்ணை மறைத்துக்கொண்டு
வலதிலேயே எய்கிறவர்களும் உண்டு.
இடக்கை வில் என்றால் மூன்று வாரம்,
கருப்பு மட்டும்தான் கிடைக்கும்.

கருப்பு போதும் என்றேன்.

நூற்றைம்பது யூரோ முன்பணம்.
அமலோற்பவம் என்ற என் பேரை
"அமலோ" வரை எழுதி நிறுத்திக்கொண்டாள்.
கையெழுத்து வலதில்.
நாணை விடுவிக்கும் விசைப்பட்டையை மட்டும்
அன்றே வாங்கி வந்தேன்.

வியாழன், முதல் நடை.
லுவார் ஆற்றின் மேல் பனி,
வண்டியில் ஒருவரும் இல்லை,
பாலத்துக்கு முன்னால் சிவப்பு விளக்கு.
இடது மணிக்கட்டில் பட்டை.
விசைக்குப் பின்னால் விரலை வைத்து,
தொடாமல்,
ஒரு மூச்சைப் பாதியில் நிறுத்தினேன்.
இருபது மீட்டரில் ஏதோ தலை தூக்கியது போல.

விளக்கு பச்சையாகி எத்தனை நேரமோ,
பின்னால் யாரோ ஹாரன் அடிக்கிறார்.
நான் இன்னும் விடவில்லை.